அரை மணி முன்னாடி எடுக்கச் சொல்பவர்களுக்கு

"சார், கேஜிஎஃப் வண்டிக்கு நேரமாச்சு, அரை மணி முன்னாடி மெஷின்லேர்ந்து எடுத்துடுங்க. போன தடவையே உப்பு நல்லா இறங்கியிருந்துச்சே!"

பெங்களூரு டயாலிசிஸ் மையங்களில் வேலை பார்க்கும் நாங்கள் இதைக் கேட்காத நாளில்லை. உப்பு என்று இவர்கள் சொல்வது கிரியேட்டினின், தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு. மாரிக்குப்பம் ரயில் இல்லையென்றால் சில்க் போர்டு நெரிசல், அதுவும் இல்லையென்றால் ஊரில் கல்யாணம். வேலூர்ப் பக்கம் விசேஷத்துக்குப் போய் ஒரு முறையை விட்டுவிட்டு, மூச்சிரைக்க எமர்ஜென்சிக்கு வந்து சேர்ந்த இன்னொருவர் வீட்டிலும் நீட்டியது அதே கிரியேட்டினின் ரிப்போர்ட்டைத்தான். போதும், கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம்.

வாரம் 3 முறை, 4 மணி நேர டயாலிசிஸில் முறைக்கு அரை மணி வெட்டினால் வருடத்துக்கு 78 மணி நேரம். 19 டயாலிசிஸுக்கு மேல் காணாமல் போகிறது. நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. மெஷினுக்கு நாம் கொடுப்பதே 12. அதிலும் பேரமா?

இனி அந்த ரிப்போர்ட். டயாலிசிஸ் முடிந்த கையோடு எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் 9 இருந்தது 3.5 ஆகியிருந்தால், ஃபில்டர் வேலை செய்தது என்று அர்த்தம். கிட்னி தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. குழாயில் ஓடிய ரத்தம்தான் சுத்தமானது. தசைக்குள்ளும் செல்களுக்குள்ளும் தங்கியிருப்பது அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் கசிந்து வந்து கலந்து, எண் மறுபடி ஏறும். இன்னொன்று: டயாலிசிஸுக்கு முன்னால் எடுக்கும் கிரியேட்டினின் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள், நாங்கள் கவலைப்படுகிறோம். பல நேரம் அது சாப்பாடு இறங்காமல் தசை கரைவதன் அடையாளம். டயாலிசிஸ் போதுமா என்று பார்க்க யூரியாவை முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். குறைந்தது 65 சதவீதம் இறங்க வேண்டும். 120-இல் தொடங்கினால் 42-க்குள் முடிய வேண்டும். முடிவில் பம்பின் வேகத்தைக் குறைக்காமல் சாம்பிள் எடுத்தால் அந்த எண்ணும் பொய் சொல்லலாம், அது எங்கள் ஆட்கள் கவனிக்க வேண்டியது.

சுமார் ஒரு அடி நீளமுள்ள அந்த ஃபில்டருக்குள் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உள்விட்டமும் ஏறக்குறைய 200 மைக்ரான். உள்ளே ரத்தம், வெளியே எதிர்த்திசையில் டயாலிசிஸ் திரவம், நிமிடத்துக்கு 500 மில்லி என்றால் 4 மணி நேரத்தில் 120 லிட்டர். இது குப்பையை வடிகட்டும் சல்லடை இல்லை. கருவாட்டைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊற வைப்பது போன்றது: மேலே இருக்கும் உப்பு சட்டென்று போய்விடும், உள்ளே ஊறியது மெதுவாகத்தான் வரும். யூரியா அந்த மேலே இருக்கும் ரகம். பாஸ்பரஸ் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மளமளவென்று இறங்கி, அப்புறம் செல்களிலிருந்து வர வர மட்டுமே வெளியேறும். ஒரு முறைக்கு மொத்தமே ஏறக்குறைய 800 முதல் 1000 மில்லிகிராம்தான் போகும். பால், பாக்கெட் தீனி, கோலா என்று தினமும் உள்ளே போவதற்கு இது ஈடாகாது. அதனால்தான் பாஸ்பரஸ் மாத்திரை, அதாவது சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும் மாத்திரை. அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் காசு தண்டம்.

பெரிய மூலக்கூறுகள் கதை வேறு. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதம் போன்றவற்றுக்கு, துளை பெரிதாக உள்ள ஹைஃப்ளக்ஸ் ஃபில்டர் வேண்டும். சாதாரண ஃபில்டரில் அது நகரவே நகராது, வருடக்கணக்கில் மணிக்கட்டிலும் தோளிலும் படியும். இண்டாக்ஸில் சல்ஃபேட் மாதிரியான கழிவு நஞ்சுகள் ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகின்றன. அல்புமினை ஃபில்டர் விடாது, விடவும் கூடாது. ஆகவே இந்த நஞ்சு மிகக் குறைவாகத்தான் வெளியேறும். இதை ஓரளவாவது வெளியேற்றுவது உங்களிடம் மிச்சமிருக்கும் சொந்தக் கிட்னிதான். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் சிறுநீர் வந்தாலும் அது பொக்கிஷம். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டு அதையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து.

நேரத்தைக் குறைத்தால் உடம்பில் சேர்ந்த தண்ணீரை எடுப்பதும் சிக்கல். மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 13 மில்லிக்கு மேல் எடுப்பது இதயத்துக்கு ஆகாது. 60 கிலோ ஆளுக்கு 4 மணியில் 3.1 லிட்டர் எடுக்கலாம், மூன்றரை மணியில் 2.7 மட்டும். மூன்று கிலோ தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்து சீக்கிரம் எடுக்கச் சொன்னால் காலில் சுளுக்கு இழுக்கும், பிரஷர் விழும். பிறகு எங்களைத் திட்டுவீர்கள்.

திங்கள், புதன், வெள்ளி வருபவர்களுக்கு வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் வரும் நீண்ட இடைவெளிதான் ஆபத்து. அந்த நாட்களில் தெருமுனை இளநீர் கூடவே கூடாது. ஒரு காயில் 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். "லோ சோடியம்" உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியத்தைத்தான் போடுகிறார்கள், வாங்காதீர்கள். நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம். அதில் உள்ள நஞ்சு மூளையைத் தாக்கும். விடாத விக்கல்தான் முதல் அறிகுறி. காய்கறியைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், சூப்பாக்கிக் குடிக்காதீர்கள். மலச்சிக்கலையும் விட்டுவைக்காதீர்கள், பொட்டாசியத்தில் ஒரு பங்கு அந்த வழியாகத்தான் போகிறது. கால் கனத்து உடம்பு தளர்ந்தால் பொட்டாசியம் ஏறியிருக்கலாம், அடுத்த முறைவரை காத்திருக்காமல் உடனே ஈசிஜி எடுங்கள்.

ஊருக்குப் போகிறீர்களா? தாராளமாகப் போங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அங்கே உள்ள மையத்தில் பேசி இடம் பிடியுங்கள். ஹெபடைடிஸ் பி, சி, ஹெச்ஐவி ரிப்போர்ட், கடைசி டயாலிசிஸ் சீட்டு, உங்கள் ட்ரை வெயிட் (அதிகப்படி தண்ணீர் இல்லாத எடை), மருந்துச் சீட்டு, நாலும் பையில் இருக்கட்டும்.