மூன்றுக்குப் பிறகு ஏன் ஒன்று வருகிறது?

பயன்பாட்டுக் கையேடு ஒன்றை, ஆவணத்தின் பகுதிகளுக்குக் குறிச்சொல் இட்டு எழுதும் முறையான எக்ஸ்எம்எல் வடிவில் எழுதிவரும் வாசகர் ஒருவர் அருமையான கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். செய்முறைப் பட்டியலின் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்ததும், நான்காம் படியின் எண் ஒன்று என மாறிவிட்டது. ஆனால் அதே மூன்றாம் படிக்குள் ஒரு கிளைப்பட்டியலை வைத்தபோது, அது முடிந்த பிறகு எண் பிசகாமல் நான்கில் தொடர்ந்தது. இரண்டு வரிக் குறிப்பைத் தாண்ட முடியாத கணினி ஒரு முழுப் பட்டியலைத் தாண்டியது எப்படி என்பது அவருடைய கேள்வி.

கட்டமைப்புடன் ஆவணம் எழுதும் முறையில், ஒரு பகுதி எப்படித் தோன்ற வேண்டும் என்று நாம் எழுதுவதில்லை. அது என்ன என்பதை மட்டுமே, பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் குறிச்சொற்களால் சொல்கிறோம். 1986இல் பன்னாட்டுத் தரமான எஸ்ஜிஎம்எல் என்ற குறிமொழியும், அதிலிருந்து 1998இல் பிறந்த எக்ஸ்எம்எல்லும் இந்தக் கொள்கையின் மீது நிற்பவை. ஆகவே எண்ணிட்ட பட்டியலில் எண் என்பதே கோப்பில் கிடையாது. ‘இது வரிசை முறையான பட்டியல், இவை அதன் உருப்படிகள்’ என்ற செய்தி மட்டுமே இருக்கிறது. ஆவணம் திரைக்கோ தாளுக்கோ வரும் நேரத்தில்தான் எண்கள் கணக்கிடப்படுகின்றன. மூன்றாம் படியை நீக்கினால் நான்காவது தானாக மூன்றாவதாவது இதனால்தான்.

புள்ளிப் பட்டியலா, எண்ணிட்ட பட்டியலா என்பதும் அழகைப் பொறுத்த தேர்வு அன்று. உருப்படிகளை இடம் மாற்றினால் பொருள் கெடுமானால் எண், கெடாதென்றால் புள்ளி. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், முறையாகக் குறிக்கப்பட்ட பட்டியலை அடைந்ததும் அதில் எத்தனை உருப்படிகள் உள்ளன என்று அறிவிக்கும். வரித் தொடக்கத்தில் சிறுகோட்டைத் தட்டச்சிட்டுப் பட்டியல் போலக் காட்டுபவர், அந்தத் தகவலை அவர்களுக்கு மறுத்துவிடுகிறார். ஆவணங்களை மின்னாக்கம் செய்யப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள், பக்கங்களின் எண்ணிக்கையைக் கேட்பதோடு நிற்காமல் அவற்றின் கட்டமைப்பையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி எண் பிறக்கும் இடத்துக்கு வருவோம். மேசைமேல் அடுக்கப்படும் காகிதச் சீட்டுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணினி ஆவணத்தை மேலிருந்து கீழாகப் படித்துச் செல்கிறது. ஒரு பட்டியல் திறக்கும்போது, பூச்சியம் எழுதிய புதுச் சீட்டு ஒன்று அடுக்கின் உச்சியில் வைக்கப்படுகிறது. ஒவ்வோர் உருப்படி வரும்போதும் உச்சிச் சீட்டில் ஒன்று கூடுகிறது: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் உருப்படிக்குள் கிளைப்பட்டியல் திறந்தால், பழைய சீட்டை அழிக்காமல் அதன் மேலேயே இன்னொரு பூச்சியச் சீட்டு வந்து அமர்கிறது. கிளையின் உருப்படிகள் யாவும் அந்த மேற்சீட்டில்தான் எண்ணப்படுகின்றன. கிளைப்பட்டியல் மூடும்போது மேற்சீட்டு எடுக்கப்படுகிறது. அடியில் மூன்று என்ற எண் யாரும் தொடாமல் அப்படியே கிடக்கிறது. அடுத்த உருப்படி வந்ததும் அது நான்காகிறது. கணினி எதையும் சிரமப்பட்டு நினைவில் வைக்கவில்லை. மூடி வைத்தது திறந்தவுடன் கிடைத்தது, அவ்வளவே. 3.2 போன்ற பலநிலை எண்ணுக்கும் தனிக் கணக்கு தேவையில்லை: சீட்டுகளை அடியிலிருந்து உச்சிவரை வரிசையாகப் படித்து, நடுவில் புள்ளி வைத்தால் போதும். வலைப்பக்கங்களின் தோற்றத்தை விதிக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின், 1998இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு ஏறத்தாழ இதையே விதியாக எழுதிவைத்திருக்கிறது. எத்தனை முறை யோசித்தாலும், இவ்வளவு சிறிய விதியிலிருந்து எவ்வளவு ஆழமான கிளைகளுக்கும் எண் கிடைப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. ஆவணங்களை அச்சுக்கோக்கும் லாடெக் மென்பொருளிலோ எண்ணிட்ட பட்டியலுக்கென, நிலைக்கு ஒன்றாக நான்கு எண்ணிகள் (நம் சீட்டுகளைப் போன்றவை) மட்டுமே முன்கூட்டிப் பெயரிட்டு வைக்கப்பட்டுள்ளன. ஐந்தாம் நிலைக்கு இறங்கினால் ஆழம் மிகுந்துவிட்டது என்று பிழை காட்டி நின்றுவிடும்.

வாசகரின் புதிர் இப்போது அவிழ்கிறது. கிளைப்பட்டியல் மூன்றாம் உருப்படியின் உள்ளே இருந்தது. எச்சரிக்கைக் குறிப்போ வெளியே வைக்கப்பட்டது. அதற்காக முதல் பட்டியலை மூடி, குறிப்புக்குப் பின் வேறொரு பட்டியலைத் திறக்க வேண்டியதாயிற்று. மூடியதும் சீட்டு போய்விட்டது, திறந்ததும் பூச்சியம் வந்துவிட்டது. இதைக் கணினியின் கோளாறாக எண்ணிக் கோப்பை மூடித் திறப்பதும், வரிகளை அழித்து மீண்டும் தட்டச்சிடுவதும் பலரிடம் உள்ள பழக்கம். காரணம் தெரியாத இடத்தில் சடங்கு முளைப்பது எல்லாத் துறைகளிலும் நடப்பதுதான். காரணம் தெரிந்தவுடன் அந்தச் சடங்கைக் கைவிட்டுவிடலாம்.

பரவலாகப் பயன்படும் வேர்டு கோப்புகளில் நிலைமை வேறு. அங்கே உருப்படிகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருப்பதில்லை. எல்லாம் ஒரே தளத்தில் கிடக்கும் பத்திகள். ஒவ்வொரு பத்தியும் தான் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது, ஒன்பது நிலைகளில் எந்த நிலையில் உள்ளது என்ற அடையாளத்தை மட்டும் சுமக்கிறது. இதனால் இடையில் சாதாரணப் பத்தி வந்தாலும் எண் தொடர்கிறது. ஆனால் வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பத்தி வேறு பட்டியலின் அடையாளத்தோடு வந்துவிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பட்டியல் உள்ளே இரண்டாகப் பிளந்திருக்கும்.

கையேட்டுக்கான தீர்வு எளிது: எச்சரிக்கைக் குறிப்பை மூன்றாம் படியின் மூடுகுறிக்கு முன்பாக, அந்த உருப்படிக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். குறிப்பு உண்மையிலேயே இரு படிகளுக்கும் பொதுவானது என்றால், கையேடுகளுக்கான எக்ஸ்எம்எல் குறிச்சொல் தொகுப்பான டாக்புக்கில் இரண்டாம் பட்டியலுக்கு ‘முந்தையதைத் தொடர்க’ என்ற பண்பைத் தரலாம். வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் நான்கிலிருந்து தொடங்கு என்று எண்ணையே கொடுக்கும் வசதி உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாளை மேலே ஒரு படி கூடினால், கையால் எழுதிய அந்த நான்கு நான்காகவே நிற்கும்.