உமிச்சாம்பல் சிலிக்காவுக்கு லைசென்ஸ்: கையெழுத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி விழும். அதை எரித்தால் 40 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் வரை சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். நீடாமங்கலம், மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்துப் புழுங்கல் ஆலைக்காரர்களுக்குச் சாம்பலைக் கொட்ட இடம் தேடுவதே பெரும்பாடு. வாய்க்கால் கரையில் கொட்டினால் ஊர் சண்டைக்கு வரும், சாலையோரம் கொட்டினால் வண்டியில் போகிறவர் கண்ணில் விழும். அந்தச் சாம்பலிலிருந்து டயர், செருப்பு சோல், பற்பசை, பெயின்ட் ஆகியவற்றில் சேரும் பிரெசிபிடேட்டட் சிலிக்காவை (கரைசலிலிருந்து வீழ்படியவைத்து எடுக்கும் நுண்பொடி) எடுக்கலாம், அரசு ஆய்வகத்தில் முறை தயாராக இருக்கிறது, லைசென்ஸ் வாங்கினால் போதும் என்று கேள்விப்படும்போது ஆசை வருவது இயல்பு.

முறை இருப்பது உண்மை. ஆனால் அது யாருடைய சாம்பலில் தயாரானது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் வரும் சிலிக்கா பெரும்பாலும் கழுவிய உமியிலிருந்து வந்தது. உமியை முதலில் அமிலத்தில் ஊறவைத்து பொட்டாசியத்தை நீக்குவார்கள். பிறகு மஃபில் ஃபர்னஸ் என்ற ஆய்வகச் சூளையில் 600, 650 டிகிரியில் மணிக்கணக்காக எரிப்பார்கள். கிடைப்பது பால்போல் வெள்ளைச் சாம்பல். உங்கள் பாய்லர் சாம்பல் செய்ய வைத்ததல்ல, ஆவி எடுக்க வைத்தது. அங்கே தீயின் சூடு 700 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். தாண்டினால் சிலிக்கா படிக வடிவத்துக்குப் போகத் தொடங்கும். உமியில் உள்ள பொட்டாசியம் அதை இன்னும் விரைவுபடுத்துவதோடு, உருகி கரியையும் உள்ளே சிறைபிடித்துவிடும். படிகமாகிப்போன சிலிக்கா திறந்த தொட்டியில் காஸ்டிக்கில் (காஸ்டிக் சோடாக் கரைசலில்) கரையாது, அதற்கு அழுத்தக் கலன் வேண்டும். அழுத்தக் கலன் வந்துவிட்டால் திட்டச் செலவே வேறு. படிகச் சிலிக்கா தூசி வேலையாட்களின் நுரையீரலுக்கும் ஆகாது, சிலிகோசிஸ் வருவது அதனால்தான்.

ஆகவே லைசென்ஸ் பேச்சுக்கு முந்தைய வேலை, சாம்பலைச் சோதிப்பது. காலையில் பாய்லர் சூடேறும்போது விழும் சாம்பல் ஒரு மாதிரி, முழுச் சுமையில் ஓடும்போது விழுவது இன்னொரு மாதிரி. இரண்டையும் தனித்தனியே எடுங்கள். மழைக்காலத்தில் வெளியே கிடந்த குவியலிலிருந்து எடுக்க வேண்டாம். எடை தெரிந்த சாம்பலைக் காஸ்டிக் கரைசலில் 95 டிகிரிக்கு மேல் 3 மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, மிச்சத்தைக் கழுவிக் காயவைத்து எடை போட்டாலே எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷன் கருவி உள்ள கல்லூரியில் கொடுத்தால் இன்னும் தெளிவு: கருவி தரும் வரைகோடு 22 டிகிரிக் கோணத்துக்குப் பக்கத்தில் மேடுபோல் அகன்று இருந்தால் நல்லது, ஊசிபோல் குத்தி நின்றால் படிகம் கலந்திருக்கிறது. படிகம் அதிகமென்றால், எஃகு ஆலைகள் உருகிய எஃகின் மேல் சூடு இறங்காமல் மூடுவதற்கு வாங்கும் சாம்பலாக விற்பதே உங்களுக்கு லாபமாக இருக்கலாம். அதற்கு லைசென்ஸே தேவையில்லை.

சாம்பல் தேறினால் அடுத்தது, எதை வாங்குகிறோம் என்ற கேள்வி. லைசென்ஸ் என்ற ஒரே காகிதத்துக்குள் இரண்டு சரக்கு இருக்கும். ஒன்று காப்புரிமை. அது பிறர் செய்யாமல் தடுக்கும் உரிமை, உங்களுக்குச் செய்யக் கற்றுத்தராது. மற்றொன்று நோ-ஹவ்: அளவுகள், வரிசை, சூடு, நேரம், கருவி விவரம். ஆலை ஓடுவது இரண்டாவதால்தான். காப்புரிமைப் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு ஆயுள், மூன்றாம் ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம். கட்டாமல் விட்ட காப்புரிமை காலாவதியாகிவிடும். அப்படிப் போனதற்கும் சேர்த்து விலை சொல்லப்படுகிறதா என்று பாருங்கள். வெளியிடப்பட்ட விண்ணப்பம் வேறு, வழங்கப்பட்ட காப்புரிமை வேறு. இந்தியக் காப்புரிமை இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும்.

கையெழுத்துப் போடுபவருக்கு அதிகாரம் உண்டா என்பதையும் சங்கடப்படாமல் கேளுங்கள். சிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம்) ஆய்வகங்கள் தனிச் சட்ட நபர்கள் அல்ல. காரைக்குடியின் மின்வேதியியல் ஆய்வகமானாலும் சரி, வேறு ஊர் ஆய்வகமானாலும் சரி, காப்புரிமை சிஎஸ்ஐஆர் என்ற பதிவுபெற்ற சங்கத்தின் பெயரில்தான் இருக்கும். சில தொழில்நுட்பங்கள் 1953-ல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் வழியாக வரும். அங்கே பணமும் ஒப்பந்தமும் கழகத்தோடு, பயிற்சி ஆய்வகத்தோடு. இரண்டு நிறுவனங்கள் கூட்டாகக் காப்புரிமை வைத்திருந்தால், காப்புரிமைச் சட்டம் பிரிவு 50-ன்படி ஒருவர் சம்மதமின்றி மற்றவர் லைசென்ஸ் தர முடியாது. பல்கலைக்கழகமும் ஆய்வகமும் சேர்ந்து செய்த திட்டங்களில் அதிகம் தவறிப்போவது இதுதான். பேராசிரியர் நல்ல மனிதர், வாக்குக் கொடுத்துவிட்டார் என்பது போதாது. பிரிவு 68-ன்படி எழுத்தில் இல்லாத லைசென்ஸ் செல்லாது.

அரசுப் பணத்தில் உருவானது என்பதால் இலவசம் என்றும் நினைக்க வேண்டாம். அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் 2000-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, திட்டத்தை நடத்திய நிறுவனமே உரிமையை வைத்துக்கொண்டு வருமானம் பார்க்கலாம். அதில் கண்டுபிடித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குவரை போகலாம். அரசு தன் பயன்பாட்டுக்கு ராயல்டியின்றி எடுத்துக்கொள்ளும் உரிமையும் உண்டு. உங்களுக்கு மட்டுமே என்று வாங்கும் தனியுரிமைக்கு உள்ளேயும் இருக்கும் ஓட்டை இது. அதை அடைக்க முடியாது, தெரிந்துகொண்டால் போதும்.

இனி வேதியியல் கணக்கு. வேலையின் கனம் இங்கேதான் இருக்கிறது. சாம்பலைக் காஸ்டிக்கில் கரைத்தால் சோடியம் சிலிகேட். அதில் கந்தக அமிலம் விட்டால் சிலிக்கா வீழ்படியும். ஒரு டன் சிலிக்காவுக்குக் காஸ்டிக் 400 கிலோவுக்குக் குறையாது, அமிலம் 500 கிலோ, உடன் விழும் சோடியம் சல்பேட் 700 கிலோவுக்கு மேல். ஆய்வகத்தில் அந்த உப்பு சிங்க்கில் போய்விட்டது. அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. டெல்டாவில் அது எங்கே போகும்? வாய்க்காலில் விட்டால் கடைமடை வயல் வரை உப்பு ஏறும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் முதலில் கேட்கும் கேள்வியும் அதுதான். ஆவியாக்கி உப்பை எடுக்கும் இயந்திரத்தின் விலை சேராத திட்ட அறிக்கையை நம்பாதீர்கள்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உருவாக்கிய முறை இதற்கு ஒரு மாற்று. அமிலத்துக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு செலுத்திச் சிலிக்காவை விழவைத்து, மிஞ்சும் சோடியம் கார்பனேட்டைச் சுண்ணாம்பால் மறுபடியும் காஸ்டிக் ஆக்குகிறார்கள். உப்புத் தொல்லை போய், அதே ஒரு டன் சிலிக்காவுக்கு 500 கிலோ கால்சியம் கார்பனேட் சேறு வரும். சேற்றுக்கு வாங்குபவரைத் தேட வேண்டும், வாயுவைச் சுத்தம் செய்ய வேண்டும். என்றாலும் டெல்டாவுக்கு இந்த வழிதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து.

பீக்கரில் சரியாக வந்தது தொட்டியில் ஏன் கெடுகிறது? ஒரு லிட்டரில் அமிலத் துளி நொடியில் கலந்துவிடும். 5,000 லிட்டரில் கலக்க நிமிடங்கள் ஆகும். அதற்குள் அமிலம் விழுந்த இடத்தில் மட்டும் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) சரிந்து கட்டிக் கட்டியாக ஜெல் ஆகிவிடும். ஜெல் ஆனதை வடிகட்டவும் முடியாது, கழுவவும் முடியாது. தொட்டியை 80, 90 டிகிரியில் வைத்து, கிளறியின் சுழற்சிக்கு ஏற்ப அமிலத்தை மெதுவாக விட வேண்டும். அந்த வேகம் உங்கள் தொட்டி அளவுக்கு எவ்வளவு என்பதே நோ-ஹவ். அது எழுதித் தரப்படாவிட்டால் நீங்கள் வாங்கியது வெறும் கட்டுரை நகல்.

தண்ணீரும் அப்படித்தான். ஆய்வகத்தில் வடிநீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் போட்டால் உப்புத் தண்ணீர். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சிலிகேட்டோடு சேர்ந்து தாமே வீழ்படிந்து சிலிக்காவின் தரத்தைக் கெடுக்கும். அடுத்தது உலர்த்துவது. ஃபில்டர் பிரஸ்ஸிலிருந்து வரும் கேக்கில் திடப்பொருள் 15 முதல் 20 சதவீதம்தான். ஒரு டன் உலர்ந்த சிலிக்காவுக்கு 4 முதல் 5.7 டன் தண்ணீரை ஆவியாக்க வேண்டும், அதற்கே ஒரு டன்னுக்கு மேல் உமி போகும். உமியை வெளியே விற்று வரும் காசையும் இந்தக் கணக்கில் எழுதுங்கள். மணிக்கு 4 டன் ஆலை 10 மணி நேரம் ஓடினால் உமி 8 டன், சாம்பல் அதிகபட்சம் 1.6 டன். ஆக உங்கள் உற்பத்தி நாளொன்றுக்கு ஒரு டன்னைச் சுற்றித்தான் நிற்கும். அந்த அளவில் லாபம் இல்லையென்றால் பக்கத்து ஆலைகளின் சாம்பலும் வேண்டும். அது வேறு பாய்லர், வேறு தரம்.

இத்தனையையும் ஒரே ஷரத்தில் கட்டிப்போடலாம்: செயல்விளக்கம். எங்கள் சாம்பலில், எங்கள் தண்ணீரில், கடையில் கிடைக்கும் காஸ்டிக்கில், ஒவ்வொன்றும் 5 கிலோ சாம்பலாக ஐந்து முறை அடுத்தடுத்து செய்து, ஐந்திலும் பிஇடி பரப்பளவு (ஒரு கிராம் பொடியின் மொத்த மேற்பரப்பு), ஈரம், எண்ணெய் உறிஞ்சும் அளவு, இரும்பு ஆகியவை சொன்ன வரம்புக்குள் வர வேண்டும் என்று எழுதுங்கள். டயர் தரத்துக்குப் பரப்பளவு கிராமுக்கு 150 சதுர மீட்டருக்கு மேல் கேட்பார்கள், சோலுக்குச் சற்றுத் தளர்வு. வாங்கப்போகும் கம்பெனியிடமிருந்து முதலில் விவரத்தாளை வாங்கி, அதிலுள்ள எண்களையே ஒப்பந்தத்தில் போடுங்கள். முன்பணத்தைக் கையெழுத்தின்போது 30, வரைபடங்களும் நிறைச் சமன்பாடும் (எது எத்தனை கிலோ உள்ளே போய் வெளியே வருகிறது என்ற கணக்கு) கைக்கு வந்ததும் 30, செயல்விளக்கம் தேறியதும் 40 சதவீதம் எனப் பிரிக்கலாம். ஆய்வகம் முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கும். பிரிக்கக் கேட்பது தவறில்லை.

ராயல்டியில், அதாவது விற்பனையிலிருந்து லைசென்ஸ் தருபவருக்குப் போகும் பங்கில், 'நிகர விற்பனை' என்ற சொல்லை விளக்காமல் விடாதீர்கள். ஜிஎஸ்டி, வண்டி வாடகை, திரும்பி வந்த சரக்கு இவை கழிய வேண்டும். சொந்த சோல் பட்டறைக்கே சிலிக்காவை எடுத்துக்கொண்டால் எந்த விலைக்கு ராயல்டி என்பதும் எழுத்தில் இருக்கட்டும். குறைந்தபட்ச ராயல்டி கேட்டால், முதல் இரண்டு ஆண்டு விலக்குக் கேளுங்கள். அரசு நிறுவனங்கள் பெரும்பாலும் தனியுரிமை தராது. நாளை எதிர்வீட்டு ஆலைக்கும் இதே லைசென்ஸ் போகும். மூன்று ஆண்டுக்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வேறு யாருக்கும் தருவதில்லை என்ற அளவிலாவது கேட்டுப் பார்க்கலாம். நீங்கள் செய்யும் மேம்பாடுகளை ஆய்வகத்துக்கு மட்டுமே திருப்பித் தர வேண்டும், காப்புரிமையின் செல்லுபடியைக் கேள்வி கேட்கக் கூடாது போன்ற நிபந்தனைகள் பிரிவு 140-ன்படி செல்லாதவை. பழைய மாதிரிப் படிவங்களில் அவை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடும். லைசென்ஸ் பார்ட்னர்ஷிப் பெயரில் இருந்து, பிற்பாடு பிரைவேட் லிமிடெட் ஆக்கினால் புது அனுமதி தேவைப்படும். குடும்பத் தொழிலில் இது நடக்கும் என்பதால் முன்பே சேர்த்துவிடுங்கள்.

கடனுக்குத் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் உண்டு. 1996-ல் அமைந்தது, திட்டச் செலவில் பாதிவரை 5 சதவீதத் தனிவட்டிக்குத் தரும். 2020-ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் செம்பு, அலுமினியம், துத்தநாகம் உருக்கும் ஆலைகளையும் தோல் பதனிடுதலையும் தடுக்கிறது. சிலிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பட்டியல் திருத்தப்படக்கூடியது, அறிக்கை போடும் நாளில் உள்ளதைப் பாருங்கள்.

இன்னொரு ஆசையும் காட்டப்படுகிறது: இதே சிலிக்காவிலிருந்து பேட்டரிக்கு நானோ சிலிக்கான். மக்னீசியத்தோடு 650 டிகிரி வாக்கில் வினைபுரியவைத்தால் சிலிக்கான் வருவது உண்மை. ஒரு கிலோ சிலிக்கானுக்கு மக்னீசியம் 1.7 கிலோ, பிறகு கழுவ வணிகத்தர ஹைட்ரோகுளோரிக் அமிலம் 16 கிலோ வாக்கில். அந்த வினை தானே சூட்டைக் கக்கும். கிராமில் தெரியாத அந்தச் சூடு கிலோவில் நானோ அமைப்பையே உருக்கிவிடும். மக்னீசியம் மிகுந்துபோய் மக்னீசியம் சிலிசைடு ஆனால், அமிலம் பட்டதும் சிலேன் வாயு கிளம்பிக் காற்றில் தானே தீப்பிடிக்கும். புழுங்கல் ஆலைக் கொட்டகையில் செய்யும் வேலை அல்ல இது. சிலிக்கா ஓடி நிலைத்த பிறகு பார்க்கலாம்.

கெடு ஷரத்து ஒன்று பாக்கி. கையெழுத்திட்ட 24 மாதத்துக்குள் வணிக உற்பத்தி தொடங்காவிட்டால் லைசென்ஸ் ரத்து என்று இருக்கும். கடிகாரம் கையெழுத்து நாளில் தொடங்கக் கூடாது, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவுவதற்கான இசைவாணை கைக்கு வந்த நாளில் தொடங்க வேண்டும். சோதனை ஓட்டத்தைச் சம்பா, தாளடி அறுவடை முடிந்து ஆலை முழுச் சுமையில் ஓடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் நனைந்த சாம்பலை வைத்து ஆய்வகக்காரரை வரவழைத்தால், தோற்றது முறையா சாம்பலா என்று இருதரப்பும் வாதாடிக்கொண்டிருக்க நேரும்.