ஆயா: ஓர் ஒலி, பல வேர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா. அம்மாவைப் பெற்றவர் ஆயா. அதே ஊர்களின் பள்ளிகளில் சிறு குழந்தைகளைக் கவனித்துக்கொள்ளும் பணிப்பெண்ணையும் ஆயா என்றே அழைக்கிறோம். பாட்டியைக் குறித்த சொல்தான் பணிப்பெண்ணுக்கும் ஆகிவந்தது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இவை வெவ்வேறு வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள்.

வீட்டு ஆயாவுக்கு மூலம், தாயைக் குறிக்கும் 'ஆய்' என்னும் பழஞ்சொல். 'யாயும் ஞாயும் யாரா கியரோ' என்று தொடங்கும் குறுந்தொகை 40ஆம் பாடலில் யாய் என்பது என் தாய், ஞாய் என்பது உன் தாய். இன்று நாம் பொதுவாக வழங்கும் 'தாய்' அக்காலத்தில் அவன் தாய், அவள் தாய் என்று பிறர் தாயையே குறித்தது. முதலெழுத்து மாறினாலும் 'ஆய்' என்னும் பகுதி மூன்றிலும் நிற்கிறது.

பள்ளி ஆயா கடல்வழி வந்தவர். 1498இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துகீசியரின் மொழியிலிருந்து சன்னல், சாவி, அலமாரி ஆகியவற்றைப் போல, பிள்ளைகளைப் பேணும் பெண்ணைக் குறித்த இச்சொல்லும் இந்திய மொழிகளில் கலந்தது. இதன் மூலமாகக் கருதப்படும் இலத்தீன் 'அவியா' என்பதன் பொருள், வியப்பாக, பாட்டி! பாட்டனைக் குறித்த 'அவுஸ்' என்பதிலிருந்து தாய்மாமனைக் குறிக்கும் 'அவுங்குலுஸ்' பிறந்தது. அதுவே பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'அங்கிள்' ஆயிற்று. ஆகவே பள்ளி ஆயாவுக்குச் சொல்லுறவு நாம் நாள்தோறும் சொல்லும் அங்கிளோடுதான்.

ஒலியும் பொருளும் ஒத்திருந்தும் தமிழையும் இலத்தீனையும் ஏன் இணைக்கக் கூடாது? காலத்தில் பின்னோக்கிச் செல்லச் செல்ல இலத்தீன் வழிச் சொல்லில் வகரம் வெளிப்படுகிறது. தமிழ்ச் சொல்லிலோ யகரமே நிலைக்கிறது. உண்மையான உறவுச் சொற்கள் பழைய வடிவங்களில் நெருங்கிவர வேண்டும், இவை விலகிப்போகின்றன.

நகரத்தார் கொண்டுவிற்கச் சென்ற மலாயாவில் 'அயாஹ்' என்றால் தந்தை. அரபியில் 'ஆயா' என்பது அடையாளத்தையும் குர்ஆன் வசனத்தையும் குறிக்கும். அரபுச் சொல்லின் ஒப்புமை தற்செயலானது. மலாய்ச் சொல்லைப் போன்ற பெற்றோர்ப் பெயர்களுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்க மானிடவியலாளர் ஜார்ஜ் பீட்டர் மர்டாக் பல மொழிகளிலிருந்து திரட்டிய 1,072 பெற்றோர்ப் பெயர்களை மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் ஆராய்ந்தார். குழந்தையின் வாயில் எளிதில் எழும் ஒலிகளைப் பெரியவர்களே தம் பெயர்களாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் 1960இல் வெளியிட்ட கட்டுரையின் விளக்கம். எந்த ஒலி யாருக்கு என்பதில் மொழிகள் மாறுபடவும் செய்கின்றன: ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்பது தந்தை, 'தேதா' என்பது தாய்.