கட்டமைப்பு மாற்றம் என்றால் பாலம் கட்டுவதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்கப் பொருளாதாரம் பற்றி நான் எழுதிக் கொடுத்த ஒரு கட்டுரை அச்சாகி வந்தது. தலைப்பு ‘ஆப்பிரிக்காவில் கட்டமைப்பு மாற்றம்’. மேலே அரைப் பக்கத்துக்கு ஒரு மேம்பாலத்தின் படம். கட்டுரையில் பாலம் என்ற சொல்லே கிடையாது. பக்கம் வடிவமைத்தவரைக் குறை சொல்லி என்ன பயன்? ‘சாலை, குடிநீர் உள்ளிட்ட கட்டமைப்பு வசதிகள்’ என்று தினமும் பேப்பரில் படிக்கிற யாருக்கும் பாலம்தான் நினைவுக்கு வரும். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பொருளியலில் கட்டமைப்பு மாற்றம், அதாவது ‘ஸ்ட்ரக்சுரல் சேஞ்ச்’ என்பதும், இன்னும் கொஞ்சம் பெரிய எதிர்பார்ப்போடு ‘ஸ்ட்ரக்சுரல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ என்பதும் எளிமையான ஒரு விஷயத்தைத்தான் சொல்கின்றன. ஒரு நாட்டில் எத்தனை பேர் வயலில், எத்தனை பேர் ஆலையில், எத்தனை பேர் கடையிலும் அலுவலகத்திலும் உழைக்கிறார்கள், ஒவ்வோர் இடத்திலிருந்தும் எவ்வளவு வருமானம் வருகிறது என்ற பங்கு மாறுவது. அவ்வளவுதான். புதிதாக ஒரு சாலைகூடப் போடாமல் இது நடக்கலாம்.

‘ஸ்ட்ரக்சர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் ‘ஸ்ட்ருவெரே’. அடுக்குவது, கட்டி எழுப்புவது என்று பொருள். முதலில் கொத்தனார் வேலைக்கு இருந்த சொல்தான் பிறகு உடலுக்கும் மொழிக்கும் சமூகத்துக்கும் போனது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் இதற்கு ‘முவுன்டோ’ என்பார்கள். ‘உன்டா’ என்ற வினையிலிருந்து வந்தது. படகு கட்டுவதற்குக் கடற்கரைக்காரர்கள் சொல்லும் வினை அது. நம் ‘கட்டு’ இரண்டையும்விட ஒரு படி மேல். வீட்டையும் கட்டுகிறோம், மாட்டையும் கட்டுகிறோம். எழுப்புவதும் பிணைப்பதும் ஒரே சொல்லில் அடங்குவதால், உறுப்புகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்பது என்ற கருத்துக்குக் ‘கட்டமைப்பு’ உண்மையில் நல்ல சொல். அதைச் சாலைக்கும் சாக்கடைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டது நாம்தான். உள்கட்டமைப்பு என்று முழுதாகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் பாதி குறைந்திருக்கும்.

சரி, ‘அமைப்பு மாற்றம்’ என்று போட்டால்? இலக்கியக்காரர்கள் ‘ஸ்ட்ரக்சுரலிச’த்தை அப்படித்தான் ‘அமைப்பியல்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பொதுப் பேச்சில் அமைப்பு என்றால் இப்போது சங்கம், நிறுவனம். தொண்டு அமைப்பு, தீவிரவாத அமைப்பு என்கிறோம். ‘அமைப்பு மாற்றம்’ என்றால் மாவட்டச் செயலாளரை மாற்றிவிட்டார்கள் என்றுதான் படும்.

ஆப்பிரிக்காவுக்குள் இந்தக் கருத்தைக் கொண்டுபோனவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பொருளியலாளர் ஆர்தர் லூயிஸ். 1915-இல் கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்தவர். 1952 ஆகஸ்டில் பாங்காக் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று பொறி தட்டியது என்று அவரே பின்னால் எழுதினார். 1954-இல் அது கட்டுரையாக வந்தது. வயலில் தேவைக்கு மேல் கைகள் இருக்கின்றன. ஆலை திறந்தால், வயலில் கிடைப்பதைவிடச் சற்றே கூடுதல் கூலிக்கு அவர்கள் வருவார்கள். ஆலை முதலாளியின் லாபம் மறுபடி முதலீடாகும். இப்படியே உழைப்பு ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு வடியும். 1979-இல் நோபெல் பரிசு வந்ததற்கு முக்கியக் காரணம் இந்தக் கட்டுரைதான்.

ஆனால் அதே லூயிஸ் 1953-இல் கோல்ட் கோஸ்டுக்கு, அதாவது இன்றைய கானாவுக்கு, எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஆலையை முன்னால் வைக்கவில்லை. முதலில் உணவுப் பயிர் விளைச்சலைக் கூட்டுங்கள் என்றார். வயலில் விளைவது கூடினால்தான் ஆளையும் விடுவிக்க முடியும், ஆலைச் சரக்கை வாங்க ஊரில் காசும் இருக்கும். 1957-இல் கானா விடுதலை பெற்றதும் பிரதமர் குவாமே இன்க்ருமா அவரைப் பொருளாதார ஆலோசகராக அழைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. நீங்கள் சொல்வது பொருளாதாரக் கணக்கில் சரியாக இருக்கலாம், நான் அரசியல்வாதி, எதிர்காலத்தைப் பணயம் வைத்து ஆடித்தான் ஆக வேண்டும் என்ற கருத்தில் இன்க்ருமா எழுதிய கடிதம் இன்றும் ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது. வோல்டா ஆற்றின் குறுக்கே அகோசொம்போ அணை எழுந்தது. அந்த மின்சாரத்தில் டெமாவில் அலுமினிய உருக்காலை ஓடியது. கானாவின் மண்ணில் அலுமினியத் தாதுவான பாக்சைட் இருக்க, ஆலை வெளிநாட்டுத் தாதுவிலிருந்து பிரித்த அலுமினாவை இறக்கி உருக்கியது. 1966 ஜனவரியில் அணையின் திறப்பு விழா. பிப்ரவரியில் இன்க்ருமா ஆட்சி கவிழ்ந்தது.

இங்கேதான் இன்னொரு சொல் குறுக்கே வருகிறது. 1980 முதல் உலக வங்கி ‘ஸ்ட்ரக்சுரல் அட்ஜஸ்ட்மென்ட்’ என்ற பெயரில் நிபந்தனைக் கடன்கள் கொடுக்கத் தொடங்கியது. நாணய மதிப்பைக் குறை, மானியத்தை வெட்டு, இறக்குமதிக்குக் கதவைத் திற, அரசு நிறுவனங்களை விற்றுவிடு. கானாவில் 1983-இல் ஆரம்பம். அதுவரை டாலருக்கு 2.75 ‘செடி’ (கானாவின் நாணயம்) என்றிருந்த மாற்று விகிதம் அந்த ஆண்டு முடிவதற்குள் 30 செடி ஆனது. அப்புறம் கோக்கோ வாரியத்தில் ஆள்குறைப்பு, ஆஸ்பத்திரியில் கட்டணம். தமிழில் இதையும் சிலர் கட்டமைப்பு மாற்றம் என்றே எழுதிவிடுகிறார்கள். இது சாதாரணப் பிழை இல்லை. ஆப்பிரிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டதே இந்த இரண்டும் வேறு வேறு என்று காட்டத்தான். நைஜீரியாவின் அடெபாயோ அடெடெஜி, 1975 முதல் 1991 வரை அடிஸ் அபாபாவில் ஐ.நா.வின் ஆப்பிரிக்கப் பொருளாதார ஆணையத்தை நடத்தியவர், 1989-இல் உலக வங்கிக்கு மாற்றாக ஒரு திட்டம் வைத்தார். அதன் தலைப்பிலேயே ‘அட்ஜஸ்ட்மென்ட்’டுக்கு மாற்று, ‘டிரான்ஸ்ஃபர்மேஷ’னுக்கு வழி என்று இரண்டு சொல்லும் எதிரெதிராக நிற்கும். மலாவியைச் சேர்ந்த பொருளியலாளர் தண்டிகா இம்கண்டாவிரேயும் அதே வாதத்தைக் கடைசிவரை விடவில்லை. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால் அந்தச் சண்டையே வாசகனுக்குத் தெரியாமல் போகும். அட்ஜஸ்ட்மென்ட்டுக்குக் ‘கட்டமைப்புச் சீராக்கம்’ என்று இலங்கைத் தமிழில் எழுதுவதுண்டு. அதுவே நல்லது, சீராகியதா என்பது வேறு விஷயம்.

அடுத்தது சொல்லுக்குள்ளேயே இருக்கும் ஒரு நம்பிக்கை. மாற்றம், உருமாற்றம் என்று சொல்லும்போதே நல்ல பக்கம்தான் போகிறோம் என்ற தொனி ஒட்டிக்கொள்கிறது. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பேர் உள்ள நாடு. 70 பேர் வயலில், ஆளுக்கு 10 ரூபாய் விளைவிக்கிறார்கள். ஆலையில் 10 பேர், ஆளுக்கு 60. கடையில் 20 பேர், ஆளுக்கு 20. மொத்தம் 1,700, சராசரி 17. வயலிலிருந்து 10 பேர் ஆலைக்குப் போனால் மொத்தம் 2,200 ஆகிறது. யாருடைய திறமையும் கூடவில்லை, ஆள் இடம் மாறியதுதான். இப்போது வேறு மாதிரி: ஆலை நவீனமாகிறது, 5 பேரே போதும், ஆளுக்கு 110 உற்பத்தி. வெளியே வந்த 5 பேர் வயலுக்குத் திரும்புகிறார்கள். கூட்டிப் பாருங்கள், அதே 1,700. ஆலையின் திறன் ஏறக்குறைய இரட்டிப்பு, நாட்டின் சராசரி அப்படியே 17.

2011-இல் பொருளியலாளர்கள் மார்கரெட் மெக்மில்லன், டேனி ரோட்ரிக் இருவரும் வெளியிட்ட ஆய்வு பேசப்பட்டது இதனால்தான். 1990 முதல் 2005 வரை ஆசிய நாடுகளில் உழைப்பு உற்பத்தித்திறன் கூடிய துறைகளை நோக்கி நகர்ந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட ஆப்பிரிக்க நாடுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் எதிர்த் திசையில் நகர்ந்து வளர்ச்சியையே பின்னுக்கு இழுத்தது. சாம்பியாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1970-களின் நடுவில் செம்பு விலை விழுந்தது. 1990-களின் பிற்பகுதியில் அரசுச் சுரங்கங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். கிட்வே, லுவான்ஷ்யா போன்ற சுரங்க நகரங்களில் வேலை போனவர்களில் பலர் மக்காச்சோளம் போட நிலம் தேடிப் போனார்கள். அந்தக் காலத்தில் சாம்பியாவில் விவசாயத்தில் இருப்போரின் பங்கு குறைவதற்குப் பதில் கூடியது. 2000-க்குப் பிறகு பல ஆப்பிரிக்க நாடுகளில் காற்று திரும்பியது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் வயலை விட்டவர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது ஆலைக்கு இல்லை, கடைக்கும் தெருவுக்கும். 11 நாடுகளின் புள்ளிவிவரத்தைத் திரட்டிய நெதர்லாந்தின் குரோனிங்கன் ஆய்வாளர்கள், அங்கே போனதும் வருமானம் ஒருமுறை கூடுகிறது, அதற்குப் பிறகு அந்த இடமே வளராமல் நின்றுவிடுகிறது என்றார்கள்.

அந்தத் தெரு எப்படி இருக்கும் என்பதை கானாவின் தலைநகரான ஆக்ராவின் ஒரு சொல்லே காட்டிவிடும்: ‘கயாயெய்’. மகோலா சந்தையில் தலையில் சும்மாடு கட்டி, அதன் மேல் அகன்ற அலுமினியப் பாத்திரம் வைத்து, வாங்குபவர் பின்னாலேயே நடக்கும் பெண்கள். பாத்திரத்தில் தக்காளி, துணிமூட்டை, எது கொடுத்தாலும். பெரும்பாலோர் கானாவின் வறண்ட வடபகுதியிலிருந்து வந்த இளம்பெண்கள். ‘கயா’ என்பது வடக்கிலிருந்து வந்த ஹவுசாச் சொல், சரக்கு, சுமை. ‘யெய்’ ஆக்ராவின் கா மொழியில் பெண்கள். வடக்கும் தெற்கும் சந்தையில் சந்தித்த இடத்தில் பிறந்த சொல். கென்யாவில் தெருவோரப் பட்டறைக்காரர்களுக்கு ‘ஜுவா காலி’ என்று பெயர், கடும் வெயில். இப்படிப்பட்ட உழைப்புக்கு ‘இன்ஃபார்மல்’ என்ற பொதுப் பெயர் பரவியதற்கும் ஆக்ராவே காரணம்: அங்கே நீமா பகுதியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கீத் ஹார்ட் 1971-இல் அதைப் பயன்படுத்தினார், மறு ஆண்டே கென்யா பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் அறிக்கை அதை எங்கும் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் ‘அமைப்புசாரா’ என்கிறோம். பாருங்கள், இங்கும் அமைப்பு!

ரோட்ரிக் பரவச் செய்த இன்னொரு பெயரும் உண்டு. பிரிட்டன் போன்ற நாடுகள் பணக்கார நாடுகளான பிறகே ஆலை வேலையின் பங்கு குறைந்தது. இப்போதைய ஏழை நாடுகளில் அது உச்சிக்குப் போகும் முன்பே, குறைந்த வருமானத்திலேயே சரியத் தொடங்குகிறது. இதை ‘உரிய காலத்துக்கு முந்திய தொழில்மயநீக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாய்க்குள் நுழையவில்லை. வெயிலில் காயிலேயே பழுத்துச் சுருங்கும் மாங்காயை நாம் என்ன சொல்வோம்? வெம்பிவிட்டது என்போம். ‘தொழில் வெம்பல்’ என்றால் விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாருக்கும் அடுத்த வரி தேவையில்லை.

சரி, மூலச் சொல்லுக்கு என்ன? என் யோசனை ‘துறைப்பெயர்ச்சி’. குருப்பெயர்ச்சியும் சனிப்பெயர்ச்சியும் தெரியாத தமிழன் உண்டா? அதே கிரகம்தான், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது. பலன் நல்லதா கெட்டதா என்பதைப் பெயர்ச்சி என்ற சொல் முன்கூட்டிச் சொல்வதில்லை. உழைப்பும் அப்படித்தான். சாம்பியாச் சுரங்கத்திலிருந்து சோளக்காட்டுக்குப் போனதும் பெயர்ச்சி, கரும்புக்காட்டிலிருந்து தையல் ஆலைக்குப் போனதும் பெயர்ச்சி. பலன் நல்லதாக அமையும்போது மட்டும் ‘உருமாற்றம்’ என்போம். ஜோதிட வாடை அடிக்கிறது என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். பெயர்தல் ஜோதிடர்களுக்குப் பட்டா போட்ட சொல் இல்லையே, புலம்பெயர்தலும் அதுதானே. பாடநூல்களில் ஊறிவிட்ட ‘கட்டமைப்பு மாற்றம்’ உடனே போகாது என்பது தெரியும். அதையே எழுதுவதானால் முன்னால் ‘பொருளாதார’ என்று ஒட்டாமல் எழுத வேண்டாம்.

கரும்புக்காட்டிலிருந்து தையல் ஆலைக்கு என்றேனே, அது மொரிசியஸ். 1961-இல் பொருளியலாளர் ஜேம்ஸ் மீட், இவரும் பின்னாளில் நோபெல் பெற்றவர்தான், கரும்பை மட்டுமே நம்பிய அந்தத் தீவில் மக்கள்தொகை பெருகும் வேகத்தைப் பார்த்து எதிர்காலம் இருட்டு என்று எழுதினார். 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. ஐரோப்பா கரும்புச் சர்க்கரைக்குக் கொடுத்த நல்ல விலையில் சேர்ந்த பணம் உள்ளூரிலேயே முதலீடானது. 1980-களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஆயத்த ஆடை ஆலைகளுக்குப் போனார்கள்; அப்புறம் சுற்றுலா, வங்கித் தொழில். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களில் தமிழர்களும் உண்டு. அந்த நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் இருக்கிறது. 1998-இல் புது நோட்டில் இந்தியைத் தமிழுக்கு மேலே போட்டுவிட்டார்கள் என்று எழுந்த எதிர்ப்பில் நோட்டுகளையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

என் பழைய கட்டுரையை இப்போது ஒரு தொகுப்புக்குக் கேட்டிருக்கிறார்கள். தலைப்பை ‘ஆப்பிரிக்காவில் துறைப்பெயர்ச்சி’ என்று மாற்றி அனுப்பிவிட்டேன். மேலே நவக்கிரகம் படம் போடாமல் இருந்தால் சரி.