குரூப்பில் பேசலாம், மென்பொருளை அங்கே போடாதீர்கள்

"குரூப்ல வந்துச்சு சார், நம்ம ஆளுதானே அனுப்பினார்னு இன்ஸ்டால் பண்ணிட்டேன்." சிஸ்டம் அட்மின் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன வாக்கியம். அனுப்பியவர் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் அது வேறொரு குரூப்பிலிருந்து வந்திருக்கும். அது எங்கே கிளம்பியது, வழியில் யார் கை வைத்தார்கள் என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இருக்காது.

இந்தச் சிக்கலை இணையத்தின் ஆரம்பகாலக் குழுக்கள் அப்போதே சந்தித்துவிட்டன. டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979ல் திட்டமிட்ட யூஸ்நெட் என்ற செய்திக்குழு அமைப்பில், கணினிகள் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்துச் செய்திகளைக் கைமாற்றிக்கொண்டன. ஒரு குழுவில் எழுதியது, அந்தக் குழுவை வாங்கும் ஒவ்வொரு கணினியிலும் நகலாக உட்காரும். ஆகவே அங்கே ஒரு புரோகிராமைப் போட்டால், கேட்காதவர்களின் போன் பில்லும் டிஸ்க் இடமும் சேர்ந்து கரையும்.

போதாததற்கு, அந்த வழியில் எழுத்து மட்டும்தான் போகும். புரோகிராமை யூயூஎன்கோட் செய்து, மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கி அனுப்ப வேண்டும். பெரிய ஃபைல் என்றால் பல துண்டுகள். ஒரு துண்டு வராவிட்டால் மற்றவை இருந்தும் பயனில்லை.

அதனால் இடத்தைப் பிரித்தார்கள். பிசி புரோகிராம்களுக்கு 'காம்ப்.பைனரீஸ்.ஐபிஎம்.பிசி' என்று தனிக்குழு. நெறியாளர் பார்த்து அனுப்பினால்தான் பதிவு வெளிவரும். அவற்றைப் பற்றிய பேச்சுக்கு வேறு குழு. எஃப்டிபி (இணையம் வழியே ஃபைல்களை ஏற்றி இறக்கும் முறை) வசதி உள்ளவர்கள் ஃபைலைக் காப்பக சர்வரில் வைத்துவிட்டு, குழுவில் முகவரியை மட்டும் சொன்னார்கள். நியூ மெக்சிகோவில் அமெரிக்க ராணுவத்தின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்தில் 1993 வரை இயங்கிய சிம்டெல்20 அப்படியொரு புகழ்பெற்ற காப்பகம்.

லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் பரவியதும் இப்படித்தான். 1991 அக்டோபர் 5 அன்று காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ் குழுவில் 0.02 பதிப்பை அறிவித்த அதன் படைப்பாளர் லினஸ் டோர்வால்ட்ஸ், புரோகிராமை அங்கே கொட்டவில்லை. பின்லாந்தின் ஃபுனெட் சர்வரில் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று எழுதினார். அந்த டைரக்டரிக்கு 'லினக்ஸ்' என்று பெயர் வைத்தவர் சர்வரைப் பார்த்துக்கொண்ட ஆரி லெம்கே. லினஸ் மனதில் இருந்த பெயர் 'ஃப்ரீயாக்ஸ்'.

காப்பகம் என்றால் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1999 ஜனவரியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக எஃப்டிபி சர்வரில் இருந்த டிசிபி ராப்பர்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருளிலேயே யாரோ பின்வாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்துவிட்டார்கள். ஆனால் ஃபைலுக்கு ஒரு நிரந்தர இடமும், ஒப்பிட்டுப் பார்க்க செக்சம் எண்ணும் (ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடுவது, ஃபைல் மாறினால் எண்ணும் மாறும்) இருந்தன. நல்லது எது, கெட்டது எது என்று ஊரறியச் சொல்ல முடிந்தது. அதே ஆண்டு மார்ச்சில், பாஸ்வேர்டு பட்டியல் என்ற பெயரில் யூஸ்நெட் குழு ஒன்றில் போடப்பட்ட வேர்டு ஃபைல்தான் மெலிசா வைரஸ். திறந்தவரின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தானாகவே மெயிலில் போனது. அதைத் திரும்ப அழைக்க ஒரு இடமும் இல்லை.

இன்று கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் ஃபைல்) எல்லாம் மெலிசாவின் வழியில்தான் வருகின்றன. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி அவர்கள் கைக்குப் போய்விடும். அனுப்பியவர் பதறிப்போய் மெசேஜை அழித்தாலும், போனில் ஏறிய ஆப் அப்படியே இருக்கும்.

நான் பார்த்துக்கொள்ளும் இடங்களில் பிரிண்டர் டிரைவரானாலும் வருகைப்பதிவு ஆப் ஆனாலும், குரூப்பில் தயாரித்தவரின் பக்க லிங்க் அல்லது பிளே ஸ்டோர் லிங்க் மட்டும்தான். நாங்களே எழுதிய கருவி என்றால் ஒரே பொது ஃபோல்டர். படிக்க எல்லோருக்கும் அனுமதி, எழுத ஒருவருக்கு மட்டும். பக்கத்திலேயே பதிப்பு எண்ணும், செக்சம் போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணும் இருக்கும். விண்டோஸில் அதைச் சரிபார்க்க 'செர்ட்யூட்டில்' என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? முதலில் போனின் நெட்டைத் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.