ஆடிப்பெருக்கும் மேட்டூர் ஷட்டரும்

மழை பொய்த்த வருடங்களில் ஆடி 18 அன்று காவிரிப் படித்துறையில் கால் நனைகிறது என்றால், அது குடகு மலையின் தயவு இல்லை. விழாவுக்கென்றே மேட்டூரில் ஷட்டரைத் தூக்கியிருப்பார்கள். ஆறு எந்த நாளில் பெருக வேண்டும் என்பது இப்போது அணையின் கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் அது ஒரு டிஎம்சி, அதாவது 100 கோடி கனஅடி. 1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணை காலியாகக் கிடக்கும்போது நீர்வரத்து விநாடிக்கு 50,000 கனஅடி, திறப்பு 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சுமார் மூன்றரை டிஎம்சி உள்ளேயே தங்கும். அணை நிரம்பும்வரை, கிட்டத்தட்ட 27 நாள், மேலே வெள்ளம் போகிற சங்கதியே திருச்சிக்காரர்களுக்குத் தெரியாது. மட்டம் 120 அடியைத் தொட்டதும் கதை மாறுகிறது. பிறகு வருவதை அப்படியே கீழே அனுப்புவதைத் தவிர வழியில்லை. ஆக, சின்ன வெள்ளத்தையும் நடுத்தர வெள்ளத்தையும் அணை விழுங்கிவிடுகிறது. பெருவெள்ளம் மட்டும் தப்பி வருகிறது. ஆற்றுக்குள் முளைக்கும் புதர்களை வருடாவருடம் அரித்துக்கொண்டு போனவை அந்தச் சின்ன வெள்ளங்கள்தாம். அவை நின்றதும் மணல் திட்டுகளில் சீமைக்கருவேலம் குடியேறிவிடுகிறது. இத்தனைக்கும் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளும் இதே வேலையைச் செய்து முடித்த பிறகுதான் மேட்டூருக்குத் தண்ணீர் வருகிறது.

தண்ணீரோடு வண்டலும் மாட்டிக்கொள்கிறது. ஓட்டம் தளர்ந்ததும் முதலில் மணல் படிகிறது, அப்புறம் களிமண். சுமையை இறக்கிவிட்டு வெளியே வரும் தண்ணீர், கீழே ஆற்றின் படுகையையே அரித்து மண்ணை அள்ளிக்கொள்கிறது. டெல்டாவை உண்டாக்கிய மண், அணைக்குள் கிடக்கிறது.

ஆற்றைத் திருப்பிவிடுவதும் லேசான காரியமில்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது; அங்கே காவிரியைவிடக் கொள்ளிடம் தாழ்வு. தண்ணீர் அந்தப் பக்கமே ஓடி, காவிரி தூர்ந்துகொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். சரி, தீர்ந்தது என்று பார்த்தால், காவிரி அளவுக்கு மீறி இழுத்துத் தன் படுகையையே ஆழமாக்கிக்கொள்ள ஆரம்பித்தது. காவிரிப் பக்கமும் ஒரு தடுப்பு போட வேண்டியதாயிற்று.

கல்லணையில் மறுபடி பிரிவு: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். முதல் மூன்றும் பாசனத்துக்கு. அவற்றின் கரை தாங்காத வெள்ளம் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போகும். அதனால்தான் கொள்ளிடம் இரு கரை புரளும் அதே வாரத்தில் கடைமடை வாய்க்கால் காய்ந்து கிடப்பதும் நடக்கிறது. காவிரியோ குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று வழியெல்லாம் பங்கு கொடுத்துக்கொண்டே போகிறது. பூம்புகாரில் கடலைத் தொடும்போது ஒரு வாய்க்கால் அகலம்தான் மிஞ்சுகிறது.