சிப் பொய் சொல்லாதிருக்க என்ன வழி?

முள்ளியவளையிலிருந்து உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகளை எந்த நாட்டுக்கு விற்கலாம், எதற்கு விற்கக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போடுகிறது. கப்பலேறிய பிறகு அவை எங்கே போயின என்று யாருக்குத் தெரியும்? சிப்பிடமே கேட்டால் அது பொய் சொல்லாதா?"

சரியான இடத்தில் கைவைத்த கேள்வி. 2022 ஒக்டோபரில் அமெரிக்கா உயர்திறன் சிப்புகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. இடைத்தரகர்கள் வழியாக அவை கைமாறுவதாகப் புகார்கள் எழுந்தன. ஏற்றுமதியாகும் சிப்புகளின் இருப்பிடத்தை உறுதிசெய்யும் வசதி வேண்டும் என்ற சட்டமூலம் 2025 மே மாதம் அமெரிக்க செனட் சபைக்கு வந்தது.

ஜிபிஎஸ் இதற்குப் போதாது. கட்டடத்துக்குள் சமிக்ஞை மங்கும், போலிச் சமிக்ஞையையும் உருவாக்கலாம். ஒளியின் வேகத்தை மட்டும் யாராலும் மிஞ்ச முடியாது. கிளிநொச்சியில் ஒரு சேவையகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது முன்கூட்டி ஊகிக்க முடியாத ஓர் எண்ணைச் சிப்புக்கு அனுப்புகிறது. சிப் அதில் தன் இரகசியச் சாவியால், அதாவது தன்னிடம் மட்டுமே உள்ள ஒரு நீண்ட எண்ணால், கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. போய்வர 2 மில்லிசெக்கன் ஆகிறதென்றால், வெற்றிடத்திலேகூட ஒளி அந்த நேரத்தில் 600 கிலோமீற்றர்தான் ஓடும். போக 300, வர 300. கிளிநொச்சியிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஆகவே பதில் சொன்ன சிப் சென்னையில் இல்லை. பதிலைத் தாமதப்படுத்தினால் சிப் இன்னும் தொலைவில் இருப்பதாகத்தான் தோன்றும். கடத்துபவருக்கு அதனால் இலாபமில்லை.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் அந்தச் சாவியில்தான் தொங்குகிறது. சாவியைப் பிரதியெடுத்து இங்குள்ள மலிவான கணினி ஒன்றில் போட்டுவிட்டால், பதில் இங்கிருந்து வரும். சிப் வேறெங்கோ இருக்கும். சாவியைச் சிப்புக்குள் எழுதி வைத்தால், போதிய பணமும் நுணுக்குக்காட்டியும் உள்ளவர் சிப்பைப் படலம் படலமாகச் சுரண்டி அதை வாசித்துவிடுவார். எழுதவே எழுதாமல் ஒரு சாவியை வைத்திருப்பது எப்படி?

இதற்குக் கிடைத்த விடையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. எஸ்ரேம் என்னும் நினைவகத்தின் ஒவ்வொரு கலமும் வழக்கமாக ஆறு ட்ரான்சிஸ்டர்களால், அதாவது மின்னோட்டத்தைத் திறந்து மூடும் நுண்ணிய ஆளிகளால், ஆனது. அவற்றுள் நான்கு, ஒன்றையொன்று எதிர்க்கும் இரண்டு சோடிகளாக நிற்கின்றன. ஒரு சோடி வென்றால் கலத்தில் 0, மற்றது வென்றால் 1. மின்சாரம் வந்த கணத்தில், கலத்தில் எதுவும் எழுதப்படாத நிலையில், இரண்டும் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியின் கயிறிழுத்தல் போல இழுக்கத் தொடங்குகின்றன. வரைபடத்தில் இரண்டும் சம பலம். உண்மையான சிலிக்கனில் அப்படியில்லை. கடத்துதிறனை மாற்றச் சேர்க்கப்படும் மாசு அணுக்கள், இவ்வளவு சிறிய ட்ரான்சிஸ்டரில் நூற்றுக்கணக்கில் அல்லது அதற்கும் குறைவாகவே இருக்கும். எந்த அணு எங்கே போய் அமரும் என்பது முழுக்கத் தற்செயல். ஒரு பக்கத்தில் நாலைந்து அணுக்கள் கூடிவிட்டால் அந்த ட்ரான்சிஸ்டர் இம்மியளவு முன்பின்னாகக் கடத்தத் தொடங்கும். அந்த இம்மி போதும். அந்தக் கலம் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாய்கிறது.

ஆயிரக்கணக்கான கலங்களைச் சேர்த்துப் பார்த்தால் 0, 1 கலந்த ஒரு கோலம் கிடைக்கும். ஒரே தொழிற்சாலையில், ஒரே தகட்டில், அருகருகே பிறந்த இரண்டு சிப்புகளை ஒப்பிட்டாலும் ஏறத்தாழப் பாதிக் கலங்கள் வேறுபடும். ஒரே சிப்பை மீண்டும் மீண்டும் இயக்கினால் சில சதவீதம் மட்டுமே மாறும். அந்தத் தடுமாற்றத்தைப் பிழைதிருத்தும் குறியீட்டால் சரிசெய்தால் நிலையான சாவி பிறக்கிறது. மின்சாரம் நின்றதும் அது எங்கும் இல்லை. சிப்பைச் செய்த நிறுவனமே விரும்பினாலும் இன்னொன்றை அதே அணு அமைப்போடு வார்க்க முடியாது. பொறியியலாளர்கள் ஒழிக்கப் போராடிய உற்பத்திக் குறையிலிருந்தே இந்தப் பாதுகாப்பு வருகிறது.

இதை வெல்லவே முடியாது என்று சொல்ல மாட்டேன். 2013இல் பெர்லின் ஆய்வாளர்கள், ஒரு சிப்பின் கோலத்தை அது கசியும் நுண்ணொளியால் வாசித்து, அயன் கற்றையால் இன்னொரு சிப்பைச் செதுக்கி அதே கோலத்தைக் காட்ட வைத்தார்கள். அதனால்தான் வெளியே இன்னொரு காப்பு தேவைப்படுகிறது. நுண்கம்பி வலையால் பெட்டியைச் சுற்றி, ஒரு கம்பி அறுந்தாலும் சாவி அழியும்படி செய்வது ஐபிஎம் 1990களிலேயே விற்ற பாதுகாப்புக் கருவிகளில் இருந்த முறை. கடுங்குளிரில் நினைவகம் தரவை நெடுநேரம் பிடித்துவைக்கும் என்பதால், குளிரை உணர்ந்தாலும் அக்கருவிகள் சாவியை அழித்துவிடும். செயற்கை நுண்ணறிவுச் சிப்பில் சிக்கல் வெப்பம்தான். என்விடியா நிறுவனத்தின் எச்100 சிப் அதிகபட்சம் 700 வாட் வரை எடுக்கும். அத்தனை வெப்பமும் வெளியேற வழி விட்டுக்கொண்டே பெட்டியை முழுதாக மூடுவது எளிதல்ல.

"சிப் நம்மைக் கண்காணிக்கும்" என்ற பேச்சுக்கு வன்னியில் காது கொடுப்பவர்கள் அதிகம். தடுப்பூசியில் சிப் இருக்கிறது என்ற வதந்தி வந்தபோது அதை நம்பி ஊசியைத் தவிர்த்தவர்களும் இருந்தார்கள். அது மூடநம்பிக்கை, எதிர்த்தே ஆகவேண்டும். ஆனால் அதற்கடியில் உள்ள அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டை நீட்டிய மக்கள் நாம். எனவே வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்கிறேன். தூரத்தை அளக்கும் முறை, சிப் என்ன கணிக்கிறது என்பதைச் சொல்லாது. தொலைவிலிருந்து சிப்பை அணைக்கும் பொத்தான் வேறு விடயம். தன் சிப்புகளில் அப்படி எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது என்று 2025 ஓகஸ்டில் என்விடியா அறிவித்தது. தூரம் அளப்பதை நான் வரவேற்கிறேன். அணைக்கும் பொத்தான் ஒரே நாட்டின் கையில் இருப்பதை ஏற்க மாட்டேன்.

இந்த வேறுபாட்டை நாமே சோதித்தறியும் வல்லமை நமக்கு வேண்டும். இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவிடுவது பல ஆண்டுகளாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்துக்கும் கீழே. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வன்பொருள் பாதுகாப்புக்கென ஓர் ஆய்வுகூடத்தை இங்கே அமைக்கக் கேட்பது பேராசையல்ல.

மாணவிக்கு ஒரு யோசனை. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்னும் சிறு நிரலாக்கப் பலகையில் 2 கிலோபைட் எஸ்ரேம் உண்டு. நிரல் எதையும் எழுதுமுன் அதை அப்படியே வாசித்துக் கணினிக்கு அனுப்புங்கள். தொடக்க நிரல் பயன்படுத்தும் சிறு பகுதியை விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் இணைப்பை முழுதாகக் கழற்றிச் சில செக்கன்கள் பொறுங்கள்; இல்லாவிட்டால் பழைய தரவின் எச்சம் தங்கும். விடிகாலையில் ஒரு தடவையும் நண்பகல் வெயிலில் ஒரு தடவையும் எடுத்து, எத்தனை கலங்கள் மாறின என்று எண்ணுங்கள். பிறகு தோழியின் பலகையோடு ஒப்பிடுங்கள். கிடைக்கும் இரண்டு எண்களையும் எனக்கு அனுப்பினால் அடுத்த கட்டுரையில் வெளியிடுகிறேன்.